தின்னர் தெளிவாக வந்த பிறகும் ஏர்பிரஷ் ஏன் சுத்தமாகவில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயிண்டைக் காற்றழுத்தத்தில் மெல்லிய தூவலாக அடிக்கும் பேனா போன்ற ஏர்பிரஷ்ஷில், தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் பெயிண்ட் பயன்படுத்துகிறீர்கள். வேலை முடிந்ததும் பெயிண்ட் ஊற்றும் கப்பில் தின்னர் (பெயிண்டை நீர்க்கச் செய்யும் திரவம்) ஊற்றி, நிறமில்லாமல் வரும்வரை ஊதிவிடுகிறீர்கள். ஆனாலும் அடுத்த முறை வெள்ளை அடிக்கும்போது பழைய நீலம் துணுக்குத் துணுக்காக வந்து விழுகிறது. கப்பில் குமிழி கிளம்புகிறது. ட்ரிகரை இழுத்துவிட்டால் சட்டென்று திரும்பாமல் ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திரும்புகிறது. முழு ஏர்பிரஷ்ஷையும் ஒரு ராத்திரி தின்னரில் ஊறப்போட்டும் பலனில்லை. இதைவிடப் பலமான திரவம் எது என்று கேட்கிறீர்கள். திரவத்தைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால், அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: பெயிண்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அது எப்படிக் காய்ந்தது.

நான் பல வருடங்களாக ஏர்பிரஷ் வைத்து வேலை செய்கிறேன். மற்றவர்கள் கொண்டுவரும் அடைத்துப்போன ஏர்பிரஷ்களைப் பிரித்துச் சரிசெய்தும் தருகிறேன். அப்படி வருபவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொரு நாளும் ஒழுங்காக ஊதிவிடப்பட்டவைதான். தின்னர் தெளிவாக வருகிறது என்றால், ஏர்பிரஷ்ஷின் நடுவே நீளமாக ஓடும் ஊசியைச் சுற்றித் திரவம் ஓடுகிற வழியில் ஈரமான பெயிண்ட் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். திரவம் எப்போதும் சுலபமான பாதையில் ஓடிவிடும். கப்பின் அடிப்பாகம் குழாயோடு சேர்கிற மூலை, பெயிண்ட் வெளியேறும் முன்முனைக் கூம்பான நாசிலின் உள்ளே அது குறுகத் தொடங்கும் தோள், நாசில் உடம்போடு உட்காரும் இடம், ஊசி பின்பக்கம் நுழையும் பேக்கிங் (பெயிண்ட் பின்னால் கசியாமல் தடுக்கும் அடைப்பு), இந்த நாலு இடத்திலும் ஓட்டம் கிட்டத்தட்ட இருக்காது. அங்கே படிந்த பெயிண்ட் அப்படியே காயும். அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு படலம் ஏறும். ஒருநாள் புதிய பெயிண்டின் ஈரத்தில் விளிம்பு இளகி, துணுக்காகப் பெயர்ந்து வரும். உங்கள் வெள்ளையில் விழும் நீலம் இதுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குமிழி விஷயத்தில் காரணம் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். கப்பில் குமிழி வந்தால், முன்பக்கம் நாசிலுக்கு வெளியே ஓட வேண்டிய காற்று, பெயிண்ட் வரும் வழிக்குள் புகுந்து பின்னோக்கிப் போகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். நாசில் உட்காரும் இடத்தில் காய்ந்த பெயிண்ட் இருந்து அது சரியாகப் பதியாமல் இருக்கலாம். அங்குள்ள சின்ன ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் வளையம்) கெட்டுப்போயிருக்கலாம். முன் மூடியின் ஓட்டையில் பெயிண்ட் சேர்ந்து காற்று வெளியேற முடியாமல் திரும்பியிருக்கலாம். நாசிலின் நுனி பிளந்திருக்கவும் வாய்ப்புண்டு. எது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ட்ரிகர் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் பேக்கிங்கைத் தாண்டி ட்ரிகர் பக்கம் பெயிண்ட் கசிந்து காய்ந்திருப்பதுதான் காரணமாக இருக்கும். ஆனால் உங்கள் விஷயத்தில் இன்னொரு சாத்தியமும் உண்டு. ராத்திரி முழுக்க ஊறப்போட்ட தின்னரில் ரப்பர் பாகங்கள் வீங்கி, ஊசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். விலை உயர்ந்த மாடல்களில் ஊசியைச் சுற்றியுள்ள பேக்கிங் டெஃப்லானில் இருக்கும், அதற்குத் தின்னரால் ஒன்றும் ஆகாது. சாதாரண மாடல்களில் அது ரப்பராகவே இருப்பதுண்டு. காற்று வால்வுக்குள் இருக்கும் ஓ-ரிங் பெரும்பாலும் ரப்பர்தான். அதோடு, முழுசாக ஊறப்போட்டால் பெயிண்ட் கரைந்த தின்னர் பெயிண்டே போகாத காற்று வழிக்குள்ளும் போய், அங்கே ஒரு மெல்லிய படலத்தை விட்டுவிடும். வால்வில் இருந்த எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடும். அதனால் முழு ஏர்பிரஷ்ஷையும் ஊறப்போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஊற வேண்டியது பிரித்தெடுத்த உலோகப் பாகங்கள் மட்டும்தான்.

சரி, திரவத்துக்கு வருவோம். தண்ணீர் அக்ரிலிக்கில் பிசின் மிக நுண்ணிய துகள்களாகத் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். தண்ணீர் ஆவியாக ஆக அந்தத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இளகி ஒட்டி, ஒரே படலமாகிவிடும். அதன்பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது திரும்பத் துகள்களாகப் பிரியாது. பெயிண்ட் கம்பெனி தரும் அக்ரிலிக் தின்னரும் இந்த விஷயத்தில் தண்ணீருக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. ஈரமான பெயிண்டை நீர்க்கச் செய்வதற்காகத்தான் அதைத் தயாரிக்கிறார்கள், காய்ந்த படலத்தைக் கரைப்பதற்காக இல்லை. மினரல் டர்பென்டைன் போன்ற பெட்ரோலியத் திரவங்கள் எனாமலுக்கு உரியவை, அக்ரிலிக் படலத்தை அவை தொடக்கூட மாட்டா. நீங்கள் வெறுமனே ‘தின்னர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால், ஒரு ராத்திரி இல்லை, ஒரு வாரம் ஊறினாலும் இதே கதைதான்.

காய்ந்த அக்ரிலிக்கை உண்மையிலேயே இளக்குபவை அசிட்டோன், லேக்கர் தின்னர், செறிவான ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகியவை. இவற்றில் அசிட்டோனும் லேக்கர் தின்னரும் வேகமானவை. ஆல்கஹால் மெதுவாக வேலை செய்யும், ஆனால் கையாள எளிது. இளக்குபவை என்றுதான் சொன்னேன், கரைப்பவை என்று சொல்லவில்லை. தண்ணீர் அக்ரிலிக்கின் படலம் பெரும்பாலும் வீங்கி, மென்மையாகி, பிடி விட்டுக்கொடுக்கும். அதற்கு மேல் ஒரு பிரஷ்ஷோ துணியோ போய் எடுக்க வேண்டும். எந்தத் திரவமும் தானாகவே எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

இங்கே பலர் சிக்கிக்கொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். கப்பில் தண்ணீர் அக்ரிலிக் இன்னும் ஈரமாக இருக்கும்போது அதன்மேல் லேக்கர் தின்னரையோ அசிட்டோனையோ ஊற்றக் கூடாது. மிதந்துகொண்டிருக்கும் பிசின் துகள்கள் ஒரு நொடியில் எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி திரிந்து, ரப்பர் போன்ற நூல்களாகச் சேர்ந்துவிடும். பல தண்ணீர் அக்ரிலிக்குகள் ஆல்கஹாலிலேயே ஜெல்லாகிவிடும். அந்தக் கொழகொழப்பு நாசிலுக்குள் போனால், காய்ந்த பெயிண்டைவிட மோசமான அடைப்பு. அதனால் வரிசை முக்கியம்: முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஈரப் பெயிண்ட் முழுவதையும் கழுவ வேண்டும். பிறகு தண்ணீர் போக உலர்த்த வேண்டும். அப்புறம்தான் பலமான தின்னர். டாமியா என்ற கம்பெனியின் சாதாரண அக்ரிலிக் இதற்கு விதிவிலக்கு. தண்ணீரிலும் கலக்கலாம் என்றாலும் அதன் இயல்பு வேறு, ஆல்கஹாலிலும் லேக்கர் தின்னரிலும் திரியாமல் நன்றாகவே கரையும். ‘எனக்கு லேக்கர் தின்னர் ஒன்றே போதும்’ என்று ஒருவர் சொல்வதும், ‘எனக்கு எல்லாம் திரிந்துவிட்டது’ என்று இன்னொருவர் சொல்வதும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டால்தான். இருவர் சொல்வதும் அவரவர் பெயிண்டுக்கு உண்மை.

அம்மோனியா கலந்த திரவத்தைப் பற்றி இரண்டு தரப்பு இருக்கிறது. அது அக்ரிலிக்கை நன்றாக இளக்கும், இதில் தகராறு இல்லை. காரத்தன்மையில் அக்ரிலிக் பிசின் வீங்கும். ஆனால் ஏர்பிரஷ்ஷின் உடம்பு பெரும்பாலும் பித்தளை, மேலே நிக்கலோ குரோமோ முலாம் பூசியிருப்பார்கள். அம்மோனியா பித்தளையில் உள்ள செம்பைத் தாக்கும். இறுக்கத்தில் இருக்கும் பித்தளையில் விரிசலே விழ வைக்கும். பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் கிடந்து விரிசல்விட்டதற்கு, குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கினார்கள். வீட்டில் கண்ணாடி துடைக்கும் திரவத்தில் அம்மோனியா மிகக் குறைவு, ஐந்து நிமிடத்தில் எதுவும் ஆகாது. ஆனால் மரையில் இறுக்கிவைக்கும் மெல்லிய நாசிலை ராத்திரி முழுக்க அதில் போட்டுவைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூசி, துடைத்து, தண்ணீரில் அலசிவிடுவேன். இன்னொன்று: அம்மோனியா உள்ள எதையும் பிளீச்சிங் திரவத்தோடு சேர்க்கவே கூடாது, கிளம்பும் வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

இனி பிரிப்பது. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பாகங்களைக் கழற்றும் வரிசையிலேயே அடுக்குங்கள். பின் கைப்பிடியைக் கழற்றி, ஊசியைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, ஊசியை ஒரு சென்டிமீட்டர் போல மட்டும் பின்னால் இழுங்கள். முழுசாக உருவ வேண்டாம். ஊசியின் நுனி நாசிலுக்குள் இருக்கும்போது நாசிலைத் திருகினால் இரண்டுமே கெடும், அதனால்தான் இந்தச் சின்ன இழுப்பு. அப்புறம் முன் மூடிகளையும் நாசிலையும் கழற்றுங்கள். இப்போது உங்கள் ஊசியில் பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருப்பது தெரிந்தால், அதைப் பின்பக்கமாக உருவாதீர்கள். காய்ந்த பெயிண்ட் முழுவதும் பேக்கிங்குக்குள் உரசி அங்கேயே தங்கிவிடும். பின்புறம் தடிமன் மாறாத ஊசி என்றால் முன்பக்கமாகத் தள்ளி எடுத்துவிடலாம். முன்னால் வராத அமைப்பு என்றால், கப்பின் வழியாக ஊசிமேல் தின்னர் விட்டு, சில நிமிடம் பொறுத்து, முன்பக்கம் தெரியும் பகுதியைத் துடைத்து, பிறகு மெல்லத் திருகியபடி பின்னால் இழுங்கள்.

நாசிலில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், அதிகப் பொறுமையும் அங்கேதான் தேவை. அதன் ஓட்டை பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். நுனியில் உலோகம் காகிதம்போல மெல்லியது. இரண்டு வகை உண்டு. இவாட்டா கம்பெனியின் ஹெச்பி வரிசை போன்ற மாடல்களில் நாசிலுக்குச் சின்ன மரை இருக்கும், கூடவே வரும் குட்டி ஸ்பானரால்தான் கழற்ற வேண்டும். ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் மாடல்களிலும் இவாட்டா எக்லிப்ஸிலும் நாசில் மரையில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும், முன் மூடிதான் அதைப் பிடித்துக்கொள்ளும். மரை வகையில் காய்ந்த பெயிண்ட் மரையையும் பிடித்துக்கொண்டிருக்கும். பலம் போட்டுத் திருகினால் மரை முறிந்து உடம்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், அதை எடுப்பது பெரிய பாடு. இறுக்கமாக இருந்தால் ஏர்பிரஷ்ஷின் முன்முனையை மட்டும் தின்னரில் நனைத்து, அரைமணி நேரம் விட்டு, அப்புறம் முயலுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் உடம்போடு சேர்த்து நனைக்க வேண்டியிருக்கிறது, அதுவும் நுனி மட்டும்.

கழற்றிய நாசிலில் ஓ-ரிங் இருந்தால் அதை எடுத்துவிட்டு, மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனோ லேக்கர் தின்னரோ ஊற்றிப் போடுங்கள். அசிட்டோன் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும், அதனால் மூடி அவசியம். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், பல பிளாஸ்டிக்குகள் அதில் கரையும். அரைமணி நேரம் கழித்து எடுத்து, ஒரு பல்குச்சியின் நுனியை இன்னும் கூர்மையாகச் சீவி, தின்னரில் நனைத்து மென்மையாக்கி, நாசிலின் பின்பக்கத்திலிருந்து விட்டு, அழுத்தாமல் விரலால் சுழற்றுங்கள். நிறம் ஒட்டி வந்தால் புதிய குச்சி. தோள் பகுதியிலிருந்து கேரட் சீவல் மாதிரி சுருண்டு வரும் படலத்தைப் பார்க்கும்போதுதான் இத்தனை நாள் அது எங்கே இருந்தது என்று புரியும். மெல்லிய நைலான் பிரஷ்ஷும் நல்லது. எஃகுக் கம்பி, குண்டூசி, டிரில் பிட் எதையும் உள்ளே விடாதீர்கள். நாசில் மென்மையான உலோகம், ஒரு கீறல் விழுந்தால் அடுத்த பெயிண்ட் அந்தக் கீறலில்தான் முதலில் காயும், பீய்ச்சலும் ஒரு பக்கமாகச் சாயும். நெருப்பில் காட்டி எரித்துவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். சூட்டில் முலாம் கெடும், மெல்லிய நுனி தளரும், எரிந்த நிறமி கல்லாக உள்ளேயே நிற்கும். செய்யாதீர்கள்.

சுத்தமாகிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நாசிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கம் வழியாகப் பாருங்கள். ஓட்டை முழு வட்டமாகத் தெரிய வேண்டும், உள்சுவர் ஒரே சீராக மினுங்க வேண்டும். வட்டத்தில் ஒரு பக்கம் மங்கலாக இருந்தால் படலம் இன்னும் இருக்கிறது, திரும்ப ஊறட்டும். நுனியின் விளிம்பில் மெல்லிய கோடு தெரிந்தால் அது பிளவு. எவ்வளவு சுத்தம் செய்தாலும் அந்த நாசில் குமிழி விடுவதை நிறுத்தாது, மாற்ற வேண்டியதுதான்.

ஊசியைப் பொறுத்தவரை வேலை சுலபம். தின்னரில் நனைத்த துணியை ஊசியைச் சுற்றிப் பிடித்து, தடித்த பக்கத்திலிருந்து கூர்பக்கம் நோக்கி, சுழற்றியபடி இழுங்கள். எதிர்த்திசையில் போனால் விரலிலும் குத்தும், நுனியும் வளையும். கப்புக்குக் கீழே வரும் பகுதியில் ஒரு வளையமாகப் படலம் இருக்கும், நகத்தால் தடவினால் தெரியும். நுனி கொக்கிபோல வளைந்திருக்கிறதா என்று பஞ்சில் லேசாக உரசிப் பாருங்கள், வளைந்திருந்தால் நார் சிக்கும். ஊசியைப் பாலிஷ் பேப்பரால் கண்ணாடிபோல மெருகேற்றினால் பெயிண்ட் ஒட்டாது என்று ஒரு கருத்து உண்டு. கீறல் உள்ள ஊசிக்கு அது உதவுகிறது என்பது என் அனுபவம். நல்ல ஊசியில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. அதிகம் தேய்த்தால் கூம்பின் வடிவமே மாறிவிடும் என்பதால் புதிய ஊசியில் நான் கை வைப்பதில்லை.

உடம்பில் முக்கியமானது கப்பிலிருந்து முன்பக்கம் போகும் குழாய். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் குட்டி பிரஷ் இதற்கு அருமையான கருவி. தின்னரில் நனைத்து, முன்பக்கத்திலிருந்து கப்பின் அடிவரை விட்டுச் சுழற்றுங்கள். கப்பைத் தாண்டிப் பின்னால் தள்ள வேண்டாம், பிரஷ்ஷின் கம்பி பேக்கிங்கைக் கிழித்துவிடும். கப்பின் அடி மூலையை, கூர்மையாகச் சீவிய மரக்குச்சியின் முனையில் துணி சுற்றித் துடையுங்கள். காது குடையும் பட்ஸ் பஞ்சு நாரை விட்டுவிட்டு வரும், ஒரு நார் போதும் நாசிலை அடைக்க. நாசில் உட்காரும் இடத்தையும் அதைச் சுற்றியுள்ள மரையையும் பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள், உங்கள் குமிழிக்கு இங்கேயே தீர்வு கிடைக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. முன் மூடிகளின் உட்புறத்தையும் மறக்காதீர்கள்.

பேக்கிங்குக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: சுத்தம் செய்த ஊசியையே கருவியாகப் பயன்படுத்துவது. நாசில் இல்லாத நிலையில், ஊசியின் நடுப்பகுதியில் கொஞ்சம் ஆல்கஹால் தடவிப் பின்பக்கத்திலிருந்து நுழைத்து, முன்னும் பின்னும் சுழற்றி, வெளியே எடுத்துத் துடையுங்கள். துணியில் நிறம் வரும். திரும்பத் தடவி, திரும்ப நுழைத்துச் சுழற்றுங்கள். நிறம் வராமல் போகும்வரை இதையே செய்யுங்கள். இங்கே அசிட்டோனுக்குப் பதில் ஆல்கஹால் சொல்வதற்குக் காரணம், உங்கள் பேக்கிங் ரப்பரா டெஃப்லானா என்று இங்கிருந்து சொல்ல முடியாததுதான். ஆல்கஹாலில் ரப்பர் அவ்வளவாக வீங்காது. இதைச் செய்த பிறகும் ஊசி இறுக்கமாகவே நகர்ந்தால், ரப்பர் வீங்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். இரண்டு நாள் திறந்தே காயவிடுங்கள். உள்ளே போன தின்னர் ஆவியானதும் சில ரப்பர்கள் பழைய அளவுக்குத் திரும்பும், சில விறைத்துப்போகும். விறைத்ததை மாற்றத்தான் வேண்டும். ட்ரிகர், அதன் பின்னால் இருக்கும் சின்ன நெம்புகோல், ஸ்பிரிங் இவற்றைக் கழற்றித் துடைத்து, ஏர்பிரஷ்ஷுக்கென்றே வரும் மசகை ஒரு பொட்டு வைத்து மாட்டுங்கள். சிலிகான் கலந்த எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ வேண்டாம். ஒரு துளி பெயிண்டில் கலந்தாலும் அடிக்கும் பரப்பில் மீன்கண் போல வட்டம் வட்டமாகப் பெயிண்ட் விலகும்.

அல்ட்ராசோனிக் கிளீனர் வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும், இதையும் சொல்லிவிடுகிறேன். அது நல்ல துணை. பெரும்பாலான சின்ன மெஷின்கள் 40 கிலோஹெர்ட்ஸில் அதிர்ந்து, தண்ணீரில் நுண்ணிய குமிழிகளை உருவாக்கி உடைத்து, ஒட்டியிருப்பதை உதறிவிடும். ஆனால் இளகாத படலத்தை அது பெரிதாக அசைக்காது. முதலில் தின்னரில் ஊறவைத்து, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, சில நிமிடங்கள் ஓட்டினால் அழகாக வேலை செய்யும். தொட்டிக்குள் நேரடியாக அசிட்டோனோ ஆல்கஹாலோ ஊற்றவே கூடாது. சூடு, மின்சாரம், எரியும் ஆவி மூன்றும் ஒரே இடத்தில் சேரும். ஊசியை அதில் போடாதீர்கள், நுனி எங்காவது மோதும். முலாம் ஏற்கெனவே உரியத் தொடங்கியிருந்தால் அங்கே இன்னும் உரியும்.

திரும்ப மாட்டும்போது நாசில் முதலில், ஊசி கடைசியில். மரை நாசிலை விரலால் திருகி, நின்ற பிறகு ஸ்பானரால் ஒரு மெல்லிய தொடுதல், அவ்வளவுதான். காற்று கசியும் என்று பயமிருந்தால் மரையில் துளி தேன்மெழுகு தடவலாம். ஆனால் பலமான தின்னர் பட்டால் மெழுகு கரையும், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தடவ வேண்டியிருக்கும். ஊசியைப் பின்பக்கமிருந்து மெல்ல விட்டு, நாசிலில் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். அழுத்தி உட்காரவைப்பதால்தான் பாதி நாசில்கள் பிளக்கின்றன.

இப்போது நான் சொன்ன சோதனை. கப்பில் பாதி சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். அழுத்தத்தை ஒரு பார், அதாவது 15 பிஎஸ்ஐ அளவுக்கு வையுங்கள். ட்ரிகரைப் பின்னால் இழுக்காமல் காற்றுக்கு மட்டும் அழுத்துங்கள். அப்போதே குமிழி வந்தால், பெரும்பாலும் நாசில் அதன் இடத்தில் சரியாகப் பதியவில்லை: அழுக்கு, ஓ-ரிங், அல்லது தளர்ந்த மூடி. காற்றுக்கு மட்டும் அழுத்தும்போது அமைதியாக இருந்து, பின்னால் இழுத்ததும் குமிழி வந்தால் நாசில் நுனியின் பிளவையோ முன் மூடியில் இருக்கும் அடைப்பையோ தேடுங்கள். இது நூற்றுக்கு நூறு சரியான பரிசோதனை இல்லை, ஆனால் எங்கே தேடுவது என்பதைப் பாதியாகக் குறைத்துவிடும்.

எல்லா பெயிண்டுக்கும் இதே முறை பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். லேக்கர் என்றால் கவலையில்லை, எவ்வளவு நாள் ஆனாலும் லேக்கர் தின்னரில் திரும்பக் கரையும். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படுவது. முதல் சில மணி நேரம் டர்பென்டைன் போதும், முழுசாக இறுகிவிட்டால் லேக்கர் தின்னரில் ஊறவைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த இரண்டு பாகப் பெயிண்டுகள் இறுகிவிட்டால் எந்தத் தின்னரும் கரைக்காது, கொஞ்சம் வீங்க மட்டும் வைக்கும். அவை நாசிலுக்குள் இறுகிவிட்டால் புது நாசில் வாங்குவதே புத்திசாலித்தனம். அவற்றை அடிப்பவர்கள் கலவை கெட்டியாகும் நேரத்துக்குள் பிரித்துக் கழுவியே ஆக வேண்டும்.

இவ்வளவும் செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்போ சுவிட்ச் பொறியோ பக்கத்தில் இருக்கக் கூடாது. அசிட்டோனின் ஆவி மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கக்கூடியது, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 12 டிகிரி அளவில். தின்னரைக் காற்றில் ஊதிவிடாமல், மூடியும் ஃபில்டரும் உள்ள கிளீனிங் ஜாடிக்குள் ஊதுங்கள். தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்தான் வேண்டும். சாதாரண நைட்ரைல் கையுறையையும் அசிட்டோன் சீக்கிரம் ஊடுருவிவிடும், நனைந்ததும் மாற்றிவிடுங்கள்.

இனிமேல் இந்த நிலை வராமலிருக்க, வேலை முடிந்ததும் ஊதிவிடுவதோடு நிறுத்தாமல் ஊசியை எடுத்துத் துடைத்து, நாசிலைக் கழற்றி ஒரு முறை பிரஷ் விட்டு வையுங்கள். வேலைக்கு நடுவே பேசப் போனால்கூடக் கப்பைக் காலியாக்கித் தண்ணீர் விட்டுவிட்டுப் போங்கள். பெயிண்டை வடிகட்டி ஊற்றுங்கள், உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒன்றிரண்டு சொட்டு சேருங்கள், அடிக்கும்போது ஊசி நுனியில் சேர்வதை ஈரப் பிரஷ்ஷால் அவ்வப்போது துடையுங்கள். பேக் ஃபிளஷ், அதாவது முன்பக்கத்தை அடைத்துக் காற்றைக் கப்புக்குத் திருப்புவது, குறைந்த அழுத்தத்தில் தண்ணீரோடு செய்தால் நல்லதுதான். பெயிண்ட் நிறைந்த கப்பில், அதிக அழுத்தத்தில் செய்தால் அது பேக்கிங் பக்கமும் பெயிண்டைத் தள்ளுகிறது என்று நினைக்கிறேன். ட்ரிகர் ஒட்டிக்கொண்டு வரும் ஏர்பிரஷ்களின் சொந்தக்காரர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

நீங்கள் ஊறப்போட்ட தின்னரின் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது, தண்ணீர் சோதனையில் குமிழி எந்த நேரத்தில் வருகிறது, ஏர்பிரஷ் எந்த மாடல் என்று இங்கேயே பதில் எழுதுங்கள். எந்த ஓ-ரிங் மாற்ற வேண்டும், நாசில் தப்புமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.